ஊதாத கெட்டில்களைக் காணோம்

"எங்க ரிஜெக்ட்டை எல்லாம் யாரோ திருடிட்டாங்க" என்றாள் ஹோஷினா கினுயோ.

இனுகாய் தெப்பெய் காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். நீகாத்தாவிலிருந்து காலை ரயிலில் வந்து, ட்சுபமே நிலையத்திலிருந்து பாதி மழையும் பாதி பனியுமாகக் கொட்டியதில் நடந்து, காது இரண்டும் மரத்துப்போயிருந்தன. இருந்தாலும் சரியாகத்தான் கேட்டிருந்தது.

"நல்ல சரக்கையா, கெட்ட சரக்கையா?"

"கெட்ட சரக்கை. ஊதாத கெட்டில். அம்பத்தெட்டு வேலை நாளா ஒண்ணுகூடக் காணோம்."

"அப்படின்னா திருடனுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதிப் போட்டுட்டு அடுத்த ரயிலைப் புடிச்சிடலாம், பாஸ்" என்று குடையைக் கையில் எடுத்தான்.

பாஸ் அசையவில்லை. நுனோகாவா ஹிசயே, வயது ஐம்பத்திரண்டு, நீகாத்தாவில் தனியார் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவர். முக்கால்வாசி வேலை கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பது. அதனால் யார் எதைச் சொன்னாலும், இதில் எதை மறைக்கிறார்கள் என்கிற முகத்தோடுதான் கேட்பார். இனுகாய் அவருடைய ஒரே உதவியாளன். மெத்தையில் மண்டியிட்டு உட்கார்ந்து ஒற்றை ஆளாகச் சிரிப்புக்கதை சொல்லும் மேடைத்தொழிலில் ஏழு வருஷம் மல்லுக்கட்டி, ஒருத்தர்கூடச் சிரிக்காததால் துப்பறிய வந்தவன். சிரிக்காத முகங்கள் பழகிப்போயிருந்ததால் பாஸோடு அவனுக்கு நன்றாக ஒத்துப்போனது.

"உட்காரு" என்றார் நுனோகாவா. "நீங்க மொதல்லேருந்து சொல்லுங்க, ஹோஷினா-சான்."

ஹோஷினா, மினோசாக்கா கெட்டில் தொழிற்சாலையில் ஊதல் மேசையின் தலைவி. தண்ணீர் கொதித்ததும் கெட்டிலின் மூக்கில் வீல் என்று கத்துமே, அந்த ஊதலைச் செய்கிற மேசை. அவளையும் சேர்த்து ஏழு பெண்கள். ஏழு பேரும் சேர்ந்து ஒரு தர வட்டம். தங்கள் வேலையில் உள்ள கோளாறைத் தாங்களே கண்டுபிடித்து, தாங்களே படித்து, தாங்களே சரிசெய்கிற குழு. தும்பி வட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஹோஷினாவின் தொப்பியில் ஒரு தும்பி பச்சை நூலால் பின்னப்பட்டிருந்தது. ஒரு இறக்கை கொஞ்சம் கோணல். அதை அவள் எப்படிச் சும்மா விட்டாள் என்று இனுகாய்க்கு ஆச்சரியம். மற்றபடி அவளிடம் கோணலாக எதுவும் கிடையாது. பென்சில்கள்கூட உயர வரிசையில் நின்றன.

"ஜூன் மாசம் எண்ணினோம். ஆயிரம் கெட்டிலுக்கு நாப்பத்தேழு ஊதல. புஸ்ஸுனு ஆவி மட்டும் வரும். இதையே எடுத்துப் படிப்போம், காரணத்தைக் கண்டுபிடிப்போம், நவம்பர்ல நடக்கற தர வட்ட மாநாட்டுல மேடையேறிச் சொல்லுவோம்னு முடிவு பண்ணினோம். செப்டம்பர் அஞ்சாந்தேதி திங்கக்கிழமை மொத கூட்டம் போட்டோம். மறுநாள் செவ்வாய்க்கிழமை ரிஜெக்ட் ஜீரோ. இன்னி வரைக்கும் ஜீரோ."

"வாழ்த்துகள்" என்றான் இனுகாய்.

"என்ன வாழ்த்து? நாங்க ஒண்ணுமே பண்ணலியே!" என்றாள் ஹோஷினா. "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு மாநாடு. நடுவருங்க 'பழுது ஏன் நின்னுச்சு?'ன்னு கேப்பாங்க. பதில் சொன்னா அதுக்கு ஒரு 'ஏன்'. அதுக்கும் ஒரு 'ஏன்'. அஞ்சு தடவை கேப்பாங்க."

"அஞ்சு தடவையா? எம் பொண்டாட்டியே மூணோட நிறுத்திக்குவா."

"மொத 'ஏன்'னுக்கே எங்கிட்ட பதில் இல்ல. பதில் இல்லாம எறங்கி வந்தா ஊதல் மேசைய மூடிடுவாரு எங்க ஷாச்சோ. பிரச்சினையே இல்லாத மேசைக்கு ஏழு பேர் எதுக்கு, ஊதலை வெளியில வாங்கிக்கலாமேன்னு கேக்கறாரு. எங்க ஏழு பேர்ல நாப்பது வயசுக்குக் கீழ ஒருத்தியும் இல்ல. இந்த ஊர்ல எந்தப் பட்டறை எங்கள எடுக்கும், சொல்லுங்க?"

ஷாச்சோ என்றால் முதலாளி இசுருகி. அவர் படம் சுவரில் தொங்கியது. படத்திலும் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்துக்குக் கீழே, சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரு மீன்முள் படம். நடுவில் முதுகெலும்பு, இருபக்கமும் முள் முள்ளாகக் காரணங்கள். மனிதர், இயந்திரம், பொருள், முறை என்று கிளை பிரிந்து, அதில் குட்டி முள், குட்டிக்கும் குட்டி. அத்தனையும் ஹோஷினாவின் கையெழுத்து. 'காலநிலை' என்ற முள்ளில் யாஹிகோ மலைக்காற்றின் திசைகூட எழுதியிருந்தது.

"மீனே இல்ல, முள்ளு மட்டும் இவ்வளவு" என்றான் இனுகாய்.

நுனோகாவா படத்தைப் பார்க்கவில்லை. "பழுதான ஊதலை எங்க போடுவீங்க?" என்று கேட்டார்.

பழுதைப் போடுகிற பெட்டி, தகட்டில் ஓட்டை போடும் பிரஸ் இயந்திரத்தின் காலடியில் இருந்தது. இரண்டு அரிசி மூட்டை கொள்ளும் சிவப்புத் தகரப் பெட்டி. மேலே வெள்ளை எழுத்தில் 'ரிஜெக்ட். கைவைக்காதே.' அதற்கு மேலே சுவரில், ஹோஷினா தூரிகையால் எழுதிய விதிகள். முதல் விதி: 'மேசையில் உணவு கூடாது.' இரண்டாம் விதி: 'முதல் விதியை மறுபடி படிக்கவும்.'

பிரஸ்ஸில் நின்றவள் கம்பாரா தொமியே. அகன்ற தோள், வாய் கொள்ளாச் சிரிப்பு. துப்பறிகிறவர்களைக் கண்டதும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"பெட்டி காலிதாங்க. அம்பத்தெட்டு நாளா யாரும் தொறக்கறதே இல்ல" என்றாள் அவசரமாக.

நுனோகாவா மூடியைத் தூக்கினார். காலிதான். உள்ளே விரலை விட்டு ஒரு இழுப்பு இழுத்து, விரலைப் பார்த்தார். முகர்ந்தார். மூடியைச் சத்தமில்லாமல் மூடினார். அந்த முகத்தை இனுகாய்க்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பது தெரிந்தால் பாஸுக்கு வருகிற முகம் அது.

"என்ன பாஸ்?"

"ஒண்ணும் இல்ல. ரொம்பச் சுத்தமா இருக்கு."

"ஜப்பான்ல ஒரு பொட்டி சுத்தமா இருந்தா அது ஒரு துப்பா?"

"நீ உன் துப்பைச் சொல்லு."

இனுகாயிடம் ஒரு துப்பு தயாராக இருந்தது. ஹோஷினா பேசும்போதே யோசித்து வைத்தது. ஊதுகிறதா இல்லையா என்று காதால் கேட்டுச் சொல்வது ஒரே ஆள், சோதனை அறை இகுரோ. வயது அறுபதை நெருங்குகிறது. நாள் பூராவும் கெட்டில் கத்தலில் உட்கார்ந்திருக்கிறவர். "காது போயிருக்கும், பாஸ். காதுக்குள்ளயே ஒரு ஊதல் ஊதிக்கிட்டு இருக்கும். எந்தக் கெட்டிலை வெச்சாலும் நல்லா ஊதுதுன்னு எழுதிட்டிருப்பாரு. பழுது எங்கயும் போகல. பாவம், அவரு காதுதான் போச்சு."

சொல்லிவிட்டு அவனே தன் தோளைத் தட்டிக்கொண்டான்.

சோதனை அறையில் ஒரு நீளமான ஆவிக்குழாயில் பத்து மூக்குகள் இருந்தன. பத்து ஊதல்களை மாட்டித் திருகினால் பத்தும் ஒரே நேரத்தில் அலறும். அறையெல்லாம் ஆவி. நடுவில் இகுரோ, சட்டைப் பொத்தான்கள் தெறிக்கத் தயாராக இருக்க, எதையோ மென்றுகொண்டிருந்தார். இனுகாய் பூனை மாதிரி அவர் முதுகுப்பக்கம் போய், நாலடி தள்ளி நின்று, காற்றோடு காற்றாகக் கிசுகிசுத்தான்.

"ஐயா, உங்க பேன்ட் ஜிப்பு தொறந்திருக்கு."

இகுரோவின் கை பளிச்சென்று கீழே போனது.

"மூடித்தானே இருக்கு!" என்று திரும்பி முறைத்தார்.

"காது நல்லா இருக்கு, பாஸ்" என்றான் இனுகாய் சோகமாக.

நுனோகாவா மன்னிப்புக் கேட்டுத் தலைகுனிந்துவிட்டு, பத்து ஊதல்களை மாட்டச் சொன்னார். பத்தும் அலறின. இன்னொரு பத்து. அதுவும் அலறியது. ஊருக்கே கேட்கிற அலறல்.

"ரொம்ப நாளா எல்லாமே நல்லா ஊதுது. எனக்குத்தான் உடம்பு சரியில்ல" என்றார் இகுரோ. "செப்டம்பர்லேருந்து ஓயாத பசி. ஆவி மூஞ்சில அடிச்சாப் போதும், வாயெல்லாம் எச்சில் ஊறுது. ஆறு கிலோ ஏறிட்டேன். டாக்டரு வயசாகுதுன்னு சொல்றாரு. வயசானா பசிக்குமா?"

"ஆவி அடிச்சதும் பசிக்குதா?" என்றார் நுனோகாவா.

"மொதல் ஆவி அடிச்சதும். பைத்தியம்னு நெனச்சிடாதீங்க."

"நெனைக்கல" என்றார் நுனோகாவா. இனுகாய் நினைத்தான், ஆனால் சொல்லவில்லை.

பன்னிரண்டு பத்துக்குத் தும்பி வட்டத்தின் கூட்டம். தினமும் அதே நேரம், பன்னிரண்டு ஐம்பது வரை. ஹோஷினா குச்சியோடு மீன்முள் படத்துக்கு முன்னால் நின்றாள். ஆறு பெண்கள் வரிசையாக, முதுகை நிமிர்த்தி, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள். துப்பறிகிறவர்களுக்குக் கடைசி வரிசை.

"இன்னிக்கு 'முறை' முள்ளுல பதினேழாவது துணைமுள். ஊதலுக்கான தகட்டு டிஸ்க்கை எந்தக் கையால எடுக்கறோம். யாருக்காவது யோசனை?"

அப்போது ஒரு சத்தம் கேட்டது. பழைய மரக்கதவைத் தள்ளித் திறக்கிற மாதிரி, நீளமாக, கெஞ்சலாக. ஹோஷினா வயிற்றில் கையை வைத்து அழுத்திக்கொண்டு, காதுவரை சிவந்து, "மன்னிக்கணும்" என்றாள். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி அதே சத்தம். அதற்கப்புறம் குச்சியைக் கீழே தட்டி அவளே சத்தத்தை மறைத்துக்கொண்டாள்.

இனுகாய்க்கும் பசி கொன்றது. பாஸின் காதோரம் குனிந்து, "இவங்க எப்ப சாப்பிடுவாங்க?" என்றான்.

"சாப்பாட்டு நேரம் பன்னண்டு மணிலேருந்து ஒரு மணி."

"அதுல கூட்டம்னா?"

"அதான் நானும் யோசிக்கிறேன். ஏழு பேர் பட்டினி. ஒரே வயிறுதான் கத்துது."

இனுகாய் வரிசையைப் பார்த்தான். ஆறு வயிறுகளும், சோறு நேரத்துக்கு வந்துவிடும் என்று தெரிந்த வயிறு மாதிரி, கப்சிப். ஆறு முகங்களும் நல்ல செழிப்பு. ஆனால் ஆறு ஜோடிக் கண்களும் கடிகாரத்தை விட்டு அகலவில்லை. ஹோஷினாவின் கன்னம் மட்டும் ஒட்டிப்போய்க் கிடந்தது.

பன்னிரண்டு நாற்பத்தெட்டு. நுனோகாவா எழுந்தார். "ஹோஷினா-சான், கொஞ்சம் வாங்க. மத்தவங்க இருங்க."

"இல்ல, நாங்களும் வர்றோம்!" என்று தொமியே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். மற்ற ஐந்து நாற்காலிகளும் தடதடவென்று பின்னால் சரிந்தன. நுனோகாவா நடந்தார். தொமியே ஓடினாள். தொழிற்சாலைக்குள் ஓடக் கூடாது என்பது ஏழாவது விதி. அது நினைவுக்கு வந்து, ஆறு பெண்களும் ஓட்டத்தை நிறுத்தி, இடுப்பை ஆட்டி ஆட்டி வேகநடை போட்டார்கள். அந்த நாலு எட்டில் நுனோகாவா முந்திவிட்டார். சிவப்புப் பெட்டியின் மூடியைத் தூக்கினார்.

ஆவி குபீரென்று எழுந்தது.

உள்ளே ஆறு கிண்ணங்கள். தடித்த நூடுல்ஸ், சோயா நிறத்தில் குழம்பு, அதன்மேல் பன்றியின் முதுகுக்கொழுப்பு வெள்ளை வெள்ளையாக ஒரு விரற்கடை மிதந்தது. ட்சுபமே பட்டறைக்காரர்களுக்கென்றே இந்த ஊர்க் கடைகள் செய்கிற ராமென். கொழுப்பே மூடி மாதிரி நிற்பதால் ஒரு மணி நேரம் வைத்திருந்தாலும் சூடு போகாது, நூடுல்ஸும் ஊறாது.

"பாஸ்" என்றான் இனுகாய், "ரிஜெக்ட் கிடைச்சிடுச்சு. சூடா வேற இருக்கு."

ஹோஷினா சுவரிலிருந்த முதல் விதியைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். ஆறு பெண்களும் இடுப்பு வரை குனிந்து அப்படியே நின்றார்கள்.

"எத்தனை நாளா?" என்றாள் ஹோஷினா.

"அம்பத்தெட்டு" என்றாள் தொமியே தரையைப் பார்த்தபடி. "கடைப்பையன் பன்னண்டு மணிக்குக் கொதிகலன் பக்கத்துக் கதவுல வெச்சிட்டுப் போவான். கூட்டம் முடிஞ்சதும் நீங்க குறிப்பு எழுத உள்ள உக்காந்திடுவீங்க, நாங்க ஒரு கையால பிரஸ், ஒரு கையால... மன்னிச்சிடுங்க, ஹோஷினா-சான். இந்தப் பொட்டிய நீங்க தொறக்கவே மாட்டீங்கன்னு தெரியும். ரிஜெக்ட்தான் இல்லியே."

ஹோஷினா நுனோகாவா பக்கம் திரும்பினாள். கண்ணில் நீர் தளும்பியது. "நான் உங்கள எங்க பழுதைத் தேடச் சொன்னேன். நீங்க என் ஆளுங்களைக் காட்டிக்குடுத்துட்டீங்க. நாளைக்கு மேடையில நின்னு இதையா சொல்லுவேன்?"

"இதத்தான்" என்றார் நுனோகாவா. "ரெண்டும் ஒண்ணுதான்."

பிறகு தன் வழக்கப்படி, காய்கறிப் பட்டியல் வாசிக்கிற குரலில் சொன்னார். "அம்பத்தெட்டு நாளா காலியா இருக்கிற பொட்டிய தினமும் சோப்புப் போட்டு யாரு கழுவுறாங்க? எதுக்கு? அதான் காலைல எனக்குத் தோணின மொத கேள்வி. அப்புறம் இகுரோ-சானோட பசி, ஊதல்ல ஒட்டின ஏதோ வாசனை ஆவியில வந்திருக்கு. அப்புறம் உங்க வயிறு. கடைசியா நீங்க சொன்ன தேதி. கூட்டம் ஆரம்பிச்ச மறுநாளே பழுது நின்னுபோச்சு. கூட்டத்துல என்ன கண்டுபிடிச்சீங்கன்னு குறிப்பு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒண்ணுமே இல்ல. அப்படின்னா கூட்டம் வேற எதையோ செஞ்சிருக்கு. தொமியே-சான், கையைக் காட்டுங்க."

தொமியே கையை நீட்டினாள். விரலெல்லாம் பளபளவென்றிருந்தது. ஐம்பத்தெட்டு நாள் கொழுப்பு, சோப்புக்கும் அசையாத பளபளப்பு.

"இந்தக் கையாலதான் டிஸ்க்கை எடுத்து, ஓட்டை போடுற அச்சு, அந்த டைக்கு அடியில வைக்கிறீங்க. கொழுப்பு டைல ஏறுது. ஓட்டை வழுவழுன்னு விழுது. பிசிறு இல்லாத ஓட்டை ஊதுது."

"ஐயோ" என்று தொமியே வாயைப் பொத்தினாள். "முன்னாடி டைக்குத் தடவ இங்க எண்ணெய்க் குப்பி இருந்துச்சு. மே மாசத் தூய்மை இயக்கத்துல சொட்டுது, கறை படியுதுன்னு எடுத்துட்டோம். டையை நல்லா துடைச்சுத் துடைச்சு..."

"துடைச்சதுக்கு நமக்குப் பாராட்டுப் பத்திரம் குடுத்தாங்க" என்றாள் ஹோஷினா மெதுவாக. அந்தப் பத்திரமும் சுவரில்தான் இருந்தது, கண்ணாடி போட்டு.

இனுகாய்க்குத் தலை சுற்றியது. ஒரு முன்னேற்றத்தால் பழுது பிறந்திருக்கிறது. ஒரு விதிமீறலால் செத்திருக்கிறது. ஏழு வருஷம் மேடையில் மண்டியிட்டு மண்டையை உடைத்தும் அவனுக்கு இப்படி ஒரு கதை கிடைக்கவில்லை.

ஹோஷினா கண்ணைத் துடைத்தாள். தொப்பியை நேராக்கினாள். "யூகம் வேண்டாம். நிரூபிக்கணும்" என்றாள். "தொமியே-சான், டையை ஸ்பிரிட் போட்டுத் துடைங்க. எல்லாரும் கையைச் சூடான தண்ணில கழுவுங்க. நூறு ஊதல். இகுரோ-சானைக் கூப்பிடுங்க."

நூறு ஊதல்கள் தயாரானபோது மணி மூன்றாகிவிட்டது. சோதனை அறைக்குள் பத்துப் பேர் அடைந்துகொண்டார்கள். முதல் பத்தும் அலறின. ஆறு பெண்களும் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். இரண்டாவது பத்தும் அலறியது. தொமியே கைகூப்பி ஏதோ முணுமுணுத்தாள். மூன்றாவது பத்தில், ஏழாவது மூக்கு.

புஸ்ஸ்ஸ்.

"ஊதல!" என்று கத்தினார் இகுரோ. "ஊதவே இல்ல!"

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு குதித்தார்கள். காணாமல்போன குழந்தை வீடு திரும்பினால்கூட அவ்வளவு சத்தம் வந்திருக்காது. கெட்டில் தொழிற்சாலையில் ஊதாத ஊதலுக்கு இப்படி ஒரு வரவேற்பா என்று ஆவிக்குழாயே திகைத்திருக்கும். நூறில் ஐந்து ஊதவில்லை. அடுத்து, ராமென் கொழுப்பைத் தொட்டுத் தடவி நூறு. அத்தனையும் அலறின. அடுத்து, சமையல் பாத்திரத்துக்கு ஆகிற எண்ணெயைச் சின்னத் தூரிகையால் தடவி நூறு. அதுவும் அத்தனையும் அலறின.

"எண்ணெய் போதும். பன்னிக்கு விடுதலை" என்றான் இனுகாய்.

ஹோஷினா சிரிக்கவில்லை. கரும்பலகை முன்னால் போய் சாக்கட்டியை எடுத்தாள். "இப்ப ஏன். நாளைக்குக் கேக்கப்போறத நானே கேட்டுக்கறேன்." எழுதிக்கொண்டே சத்தமாகச் சொன்னாள். "பழுது ஏன் நின்னுச்சு? டைல கொழுப்பு. ஏன் கொழுப்பு? பிரஸ்லயே சாப்பிட்டாங்க. ஏன் பிரஸ்ல சாப்பிட்டாங்க? சாப்பாட்டு நேரம் இல்ல. ஏன் இல்ல? சாப்பாட்டு நேரத்துல கூட்டம்."

சாக்கட்டி நின்றது. ஐந்தாவது வரி காலியாக இருந்தது.

"சாயங்காலம் வெச்சா பஸ்ஸு போயிடும். அதனாலதான்" என்றாள் தொமியே சட்டென்று. மற்ற ஐந்து பேரும் "ஆமா, பஸ்ஸு, பஸ்ஸு" என்று தலையாட்டினார்கள்.

"வாரத்துக்கு ஒரு நாள் போதும்னு நீங்க சொன்னீங்க. தினமும் வேணும்னு நான்தான் சொன்னேன்." ஹோஷினா திரும்பவில்லை. "பரிசு வாங்கணும். வாங்கிட்டா மேசைய யாரும் தொட முடியாது. அத மட்டுந்தான் நெனச்சேன்."

ஐந்தாவது வரியில் 'ஹோஷினா' என்று எழுதினாள். நிறுத்தி நிதானமாக, அவள் பென்சில் வரிசை மாதிரி நேராக.

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

தொமியே மூக்கை உறிஞ்சினாள். "நீங்க ஒரு வாய் சாப்பிடாம எங்களுக்காக நின்னுட்டு இருந்தீங்க. உங்க முன்னாடி நின்னு எங்களுக்குப் பசிக்குதுன்னு எந்த வாயால சொல்றது?"

இனுகாய் வாயைத் திறந்தான். நுனோகாவா அவன் காலை மிதித்தார். அவன் மூடிக்கொண்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, நீகாத்தா பொது மண்டபம். நானூறு பேர், நானூறு நோட்டு. தும்பி வட்டத்துக்கு ஏழு நிமிஷம். இரண்டாவது வரிசையில் முதலாளி இசுருகி, பக்கத்தில் அவருடைய நாலு பிரிவுத் தலைவர்கள். கடைசி வரிசையில் நுனோகாவாவும் இனுகாயும். வேலை முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று இனுகாய் சொல்லிப் பார்த்தான். பாஸ் அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஹோஷினா ஒன்றையும் மறைக்கவில்லை. எண்ணெய்க் குப்பியை எடுத்ததிலிருந்து ஆரம்பித்தாள். சிவப்புப் பெட்டியைத் திரையில் காட்டினாள், ஆறு கிண்ணங்களோடு. மண்டபம் சிரித்தது. முதலில் முன்வரிசையில் கிளுக்கென்று, பிறகு கூரை அதிர. இசுருகி சிரிக்கவில்லை. தன் கம்பெனிக் கெட்டிலில் பன்றிக்கொழுப்பு என்று நானூறு பேர் முன்னால் சொல்லியாகிவிட்டது. அவர் கழுத்து பின்னாலிருந்து பார்க்கவே செக்கச்சிவந்திருந்தது.

"போச்சு, பாஸ். இன்னிக்கு சாயங்காலமே மேசைக்குப் பூட்டு" என்றான் இனுகாய்.

திரையில் ஐந்தாவது 'ஏன்' வந்தது. அதற்கு எதிரே அவள் பெயர். சிரிப்பு நின்றுபோனது. சரிசெய்த வழி என்று அவள் இரண்டு வரிதான் காட்டினாள். டைக்கு மணிக்கொரு தடவை தூரிகையால் எண்ணெய். சாப்பாட்டு நேரத்தில் சாப்பாடு.

நடுவர்களில் நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "அஞ்சு ஏனும் நீங்களே கேட்டுட்டீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு பாக்கி. ஆறு பேருக்குத் தெரிஞ்சிருக்கு. அம்பத்தெட்டு நாள். ஒருத்தர்கூட உங்ககிட்ட ஏன் சொல்லல?"

ஹோஷினா ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு மேடை ஓரத்தில் நின்ற ஆறு பெண்களையும் பார்த்தாள்.

"யார்கிட்ட சொல்லணுமோ அந்த ஆளு நான்" என்றாள். "அதனாலதான் சொல்லல."

நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. யாரும் கைதட்டவில்லை. நானூறு பேரும் குனிந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள். பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. இனுகாய் பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். பாஸும் எழுதிக்கொண்டிருந்தார்.

வெளியே நடைக்கூடத்தில் ஏழு பெண்களும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பரிசு எதுவும் இல்லை. அது முன்னால் பேசிய தையல் இயந்திரக் கம்பெனிக்குப் போய்விட்டது. இசுருகி நாலு பிரிவுத் தலைவர்கள் புடைசூழ வந்தார். ஹோஷினா இடுப்பு வரை குனிந்தாள். நிமிரவில்லை.

இசுருகி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகத் தன் ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"தினமும் பன்னண்டு மணிக்கு என் ரூம்ல நமக்கு மீட்டிங்" என்றார். "ஒன்றரை வரைக்கும்."

"ஆமாங்க, ஷாச்சோ" என்றார்கள் நாலு பேரும்.

"பதினோரு வருஷமா."

"ஆமாங்க, ஷாச்சோ."

"நீங்கல்லாம் எங்க சாப்பிடறீங்க?"

நாலு பேரும் தங்கள் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். குட்டையாக இருந்த ஒருவர் தன் கைப்பெட்டியை மெல்ல முதுகுக்குப் பின்னால் நகர்த்தினார்.

இசுருகி அப்படியே நின்றார். பதினோரு வருஷத்தில் இவர்கள் இன்னும் என்னென்ன சொல்லாமல் விட்டார்களோ என்று எண்ணத் தொடங்கியிருப்பார் போல. முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. இனுகாய்க்கு அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

"ஊதல் மேசைய மூடறதப் பத்தி முடிவெடுக்க வர்ற திங்கக்கிழமை ஒரு மீட்டிங் வெச்சிருந்தேன்" என்றார் கடைசியில். "பன்னண்டரை மணிக்கு."

வழக்கம்போலக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அது ரத்து. சாப்பாட்டு நேரம்."